முதிரையா, வினாங்கா, சீடரா: நெடுவில்லுக்கு மர அம்பு

மாங்குளத்தான், 2023 மார்ச் 5

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன், ஊர் மாங்குளம். என்னிடம் நெடுவில் ஒன்று இருக்கிறது, நாணை 28 அங்குலம் இழுக்க 50 இறாத்தல் பலம் வேண்டும். அனுமதிப்பத்திரத்தோடு நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறேன். கார்பன் அம்பு பிடிக்கவில்லை, மர அம்புதான் வேண்டும். இங்கே யாரைக் கேட்டாலும் போர்ட் ஓர்போர்ட் சீடர் என்ற மரம்தான் என்கிறார்கள். விலை கடிக்கிறது. யூலையில் ஊருக்கு வருகிறேன். வன்னியில் இல்லாத மரமா என்று கேட்டால் அப்பா சிரிக்கிறார். எங்கட மரமெல்லாம் வீட்டு வளைக்கும் வண்டிலுக்கும்தான் சரி, அம்புக்குப் பாரம் என்கிறார். உண்மையா?

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 மார்ச் 5, இரவு

அப்பா சொன்னது பிழை. முதிரை மரம் இருக்கிறது. நேராக நிற்கும், கறையான் தொடாது, சீவினால் பொன் மாதிரி மினுங்கும். பன்னிரண்டு அம்பு செய்து வைத்திருக்கிறேன். என் வில் 45 இறாத்தல், கமுகஞ் சிலாகைக்கு மூங்கில் முதுகு ஒட்டியது. யூலையில் வந்தால் ஆறு தருகிறேன்.

பிறகு இன்னொன்று. சீடர் என்று நீர் எழுதியதைப் பார்த்துவிட்டு, குரு யார் என்று தேடினேன்.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 மார்ச் 6

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் வேட்டைக்காரன் இல்லை. 1937ஆம் ஆண்டிலிருந்தே காட்டு விலங்குகளுக்குக் காவலாக இலங்கையில் சட்டம் இருக்கிறது. மான், மரை பக்கம் வில்லோடு போகிற எண்ணம் யாருக்கும் இருந்தால் இந்த இணைய இழையில் என்னிடம் யோசனை கேட்க வேண்டாம். நான் எய்வது வளவின் பின்பக்கம் வைத்திருக்கும் உரப்பைக்கு. உள்ளே பழைய சீலைத்துணி, 20 மீற்றர் தூரம். அம்பைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், மானைப் பற்றி மாங்குளத்தானைக் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 மார்ச் 19

மனைவியின் கேக் தராசில் முதிரை அம்புகளை நிறுத்துப் பார்த்தேன். இவ்வளவு நாளும் ஏன் நிறுக்கவில்லை என்று கேட்காதீர்கள்.

ஒன்று 54 கிராம். இன்னொன்று 57.

மர அம்புக்காரர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, வில்லின் ஒவ்வோர் இறாத்தலுக்கும் அம்பில் 10 கிரெய்ன். ஒரு கிராம் என்பது 15.4 கிரெய்ன். அப்படிப் பார்த்தால் என் 45 இறாத்தல் வில்லுக்கு 29 கிராம் அம்பு போதும். நான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கை எய்துகொண்டிருந்திருக்கிறேன். 20 மீற்றரில் உரப்பையின் கழுத்தைக் குறிபார்த்தால்தான் வயிற்றில் படும். அதை இவ்வளவு காலமும் என் எய்கிற பாணி என்று நினைத்திருந்தேன்.

மாங்குளத்தான், உம்முடைய அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும்.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 மார்ச் 20

முழு மன்னிப்பு வேண்டாம், பாதி போதும். இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். வேட்டைக்குப் பாரமான அம்பு கெட்டதில்லை. மெதுவாகப் போனாலும் ஊன்றி உள்ளே போகும், வில்லிலும் சத்தம் குறையும். மர அம்பு வேட்டைக்காரர் பத்துக்கு மேல் பன்னிரண்டு கிரெய்ன் வரை விரும்பிப் போகிறார்கள். ஆனால் என்னுடையது பதினெட்டுக்கு மேல். அது அம்பில்லை, ஈட்டி.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 ஏப்ரல் 9

எடையோடு பிரச்சினை முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. அம்புகள் இடப்பக்கம் போகின்றன. எல்லாம் போனால் திருத்திக்கொள்ளலாம், பன்னிரண்டில் ஏழு மட்டும் போகின்றன. "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று இரண்டு மாதமாக என்னையே நொந்துகொண்டிருந்தேன். கடைசியில் இந்த விஷயத்தில் பழமொழிதான் பிழை. நோக வேண்டியது அம்பைத்தான்.

நடப்பது இதுதான். நாணை விட்டவுடன் அம்பு நேராகப் போவதில்லை. பின்னாலிருந்து தள்ளுப்பட்டு வளைகிறது, வில்லைச் சுற்றிப் பாம்பு மாதிரி நெளிந்து கடந்து, பிறகுதான் நிமிர்கிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்கர் அதிவேகப் படம் எடுத்து இதைக் காட்டினார். அம்பு விறைப்பாக இருந்தால் தேவையான அளவு நெளியாது, வலக்கைக்காரனுக்கு இடப்பக்கம் போகும். துவண்டால் வலப்பக்கம். ஆகவே அம்பின் விறைப்பு வில்லின் பலத்துக்குப் பொருந்த வேண்டும்.

விறைப்பை அளக்க மிசின் வாங்க வேண்டியதில்லை. பலகையில் 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி. அவற்றின் மேல் தண்டை வைத்து, நடுவில் 2 இறாத்தல் பாரம் தொங்கவிட வேண்டும். என்னிடம் சோடாப் போத்தல்தான் இருந்தது. தண்ணீரும் போத்தலும் கொக்கியும் சேர்ந்து 907 கிராம் வரும்வரை ஊற்றினேன். தண்டு எத்தனை அங்குலம் தாழ்கிறதோ அந்த எண்ணால் 26ஐ வகுத்தால் விறைப்பு இறாத்தலில் வரும். மில்லிமீற்றரில் அளந்தால் 660ஐ வகுக்கலாம்.

என் முதிரைத் தண்டுகளில் ஒன்று 9 மில்லிமீற்றர்தான் தாழ்ந்தது, அதாவது 73 இறாத்தல். இன்னொன்று 12.5 மில்லிமீற்றர், 53 இறாத்தல். எல்லாம் ஒரே பலகையில் அறுத்தவை! 45 இறாத்தல் வில்லுக்கு இவற்றில் ஒன்றும் சரியில்லை. உரப்பையில் பட்டவை, சும்மா பட்டவை.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 ஏப்ரல் 11

இடக்கைக்காரர் ஒருவர் தனிச்செய்தியில் திட்டியிருக்கிறார். சரி, உங்களுக்கு எல்லாம் எதிர்ப்பக்கம். மற்றதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அம்பு நீளமானால் அதே தண்டு துவண்டதுபோல் நடக்கும், முனை பாரமானாலும் அப்படித்தான். ஆகவே பயிற்சிக்கு ஒரு முனை, வேட்டைக்கு அதைவிடப் பாரமான கத்தி முனை என்று மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே எடையாக இருந்தால் தலையிடி இல்லை.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 ஏப்ரல் 16

வருடப்பிறப்புக் கைவிசேஷம் முடிந்த கையோடு அரத்தாளை எடுத்தேன். தண்டைத் தேய்த்தால் விறைப்பு குறையும் என்பது யாருக்கும் தெரியும். எவ்வளவு குறையும் என்பதில்தான் விழுந்தேன். விறைப்பு, குறுக்களவின் நான்காம் அடுக்கோடு ஓடுகிறது. 8.7 மில்லிமீற்றர்த் தண்டை 8.2 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மூன்று தண்டை அப்படியே கடந்துபோய்த் துவள விட்டேன். பத்துத் தேய்ப்புக்கு ஒரு தடவை ஆணிப் பலகையில் வைத்துப் பாருங்கள்.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 மே 14

இதை எழுதவே கூச்சம். ஆனால் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

முதிரையை விட்டுவிட்டு, நகரத்துக் கடை ஒன்றில் உருட்டுத்தடி வாங்கினேன். வெளிநாட்டு மரம், வெள்ளை, லேசு. தராசில் அருமை, ஆணிப் பலகையிலும் அருமை, 46, 47, 48. பத்து அம்பு ஒட்டி முடித்து, வைகாசி வெய்யிலில் சந்தோஷமாக எய்தேன். நான்காவது அம்பு வில்லை விட்டு முழுதாகப் போகவில்லை. முன் பாதி எங்கோ போனது. பின் பாதியின் கூரான சிராய், வில் பிடித்த கையில், பெருவிரலுக்குக் கீழே சதையில் இறங்கி நின்றது. வலி பிறகுதான் வந்தது. முதலில் தெரிந்தது சத்தம், காய்ந்த மட்டையை மிதித்த மாதிரி. மூன்று தையல். கட்டுப் போட்டவர் என்ன குத்தியது என்று கேட்டார். அம்பு என்றேன். யார் எய்தது என்றார்.

மரவேலை செய்யும் ஊர் ஓடாவி ஐயாவிடம் உடைந்த துண்டைக் கொண்டுபோனேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் ஒரு கோட்டைத் தொட்டு, "இஞ்ச பார், நார் இதாலை வந்து இதாலை வெளியிலை போகுது. இது தடியில்லை, ஒட்டி வைச்ச ரெண்டு ஆப்பு" என்றார். உண்மை. தண்டு நேர், நார் நேரில்லை. மிசினுக்கு நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற கவலை கிடையாது, பலகையை உருட்டித் தள்ளும். நார் சாய்வாக வெளியேறுகிற இடத்தில் அம்பு உடையும், உடைந்த முனை ஊசியாக இருக்கும்.

அன்று அவர் காட்டியதும் பிறகு நான் கையால் பழகியதும் இவை. தண்டின் முழு நீளத்துக்கும் கோடுகள் தொடர்ந்து ஓடவேண்டும். கொஞ்சம் சாய்வு தவிர்க்க முடியாவிட்டால், அம்பின் மேற்பக்கம் நார் வெளியேறும் கூர்கள் முன்னே பார்க்க வேண்டும். உடைந்தால் சிராய் கைக்கு மேலாகப் போகும். நாண் பூட்டும் வெட்டை ஆண்டு வளையக் கோடுகளுக்குக் குறுக்காக வெட்ட வேண்டும், கோட்டோடு வெட்டினால் நாணே ஆப்பு மாதிரி அம்பைப் பிளந்துவிடும். எய்ய முன் ஒவ்வொரு தரமும் அம்பைக் காதருகே வைத்து வளைத்துக் கேட்க வேண்டும். சின்னச் சத்தம் வந்தாலும் அடுப்புக்குத்தான்.

மீதி ஒன்பது அம்பில் ஆறு அடுப்புக்குப் போனது. மனைவி அன்று வைத்த புட்டுக்கு வில்லுப்புட்டு என்று பெயர்.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 மே 21

ஓடாவி ஐயா ஒரு முதிரைத் துண்டம் தந்தார். அறுக்காமல் கோடரியால் நாரோடு பிளந்தது. பிளந்தால் மரமே தன் ஓட்டத்தைக் காட்டிவிடும் என்பது அவர் கணக்கு. சீவுளி போட்டுக்கொண்டு போகையில் பொன்னிறத்துக்கு நடுவில் கறுத்த கறை ஒன்று வந்தது, மை கசிந்த மாதிரி. அடுத்த இழுவையில் சீவுளி அலகு பல்லுப் போனது. பயற்றளவு செல் துண்டு, போரில் வெடித்த எறிகணையின் சிதறல். மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருக்கிறது.

வன்னியில் மரம் அறுப்பவர்களுக்கு இது புதிதில்லை. மரக்காலைகளில் வாள் போகிற செலவுக்குப் பயந்து சில குற்றிகளைத் தொடவே மாட்டார்கள். கறுப்புக் கறை கண்டால் நிறுத்துங்கள்.

துண்டத்தில் மற்றப் பக்கம் நல்லது. இரண்டு தண்டு வந்தது.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 யூன் 4

தேக்கில் செய்யலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். செய்தேன். எடை பரவாயில்லை, விறைப்பும் பரவாயில்லை. எண்ணெய்ப் பிடிப்பான மரம் என்பதால் பசை நிற்கவில்லை. மூன்றாவது எய்தலில் இறகு கழன்று உரப்பைக்கு முன்னால் பறந்தது. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து ஏரல்டைட் பசை போட்டுத் தங்கூசி நூலால் சுற்றினால் நிற்கும். எனக்குப் பொறுமையில்லை.

இறகைப் பற்றிச் சுருக்கமாக. வான்கோழிச் சிறகு நல்லது. ஓர் அம்பின் மூன்று இறகும் ஒரே பக்கச் செட்டையிலிருந்து வரவேண்டும், இடமும் வலமும் கலந்தால் அம்பு சுழல மறுக்கும். வயலில் விழுந்து கிடக்கும் மயிலிறகு பொறுக்குகிறவர்கள் தோகையை விடுங்கள், அது அழகுக்கு. செட்டை இறகைப் பாருங்கள்.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 யூன் 11

மழையில்லை, வேலையில்லை, வாசித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி அரசனுடைய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545இல் மூழ்கியது. 1982இல் தூக்கினார்கள். உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட நெடுவில்லும் 3,500க்கு மேற்பட்ட அம்பும். கப்பல் மூழ்கிய அதே 1545இல் ரோஜர் அஸ்கம் என்பவர் வில்வித்தைக்கு ஒரு நூல் எழுதி, போர் அம்புக்கு ஆஷ் மரமே மேல் என்று வாதாடியிருக்கிறார். கப்பலில் இருந்த அம்புகளில் பெரும்பாலானவை எதில் செய்தவை தெரியுமா? பொப்லர். லேசான, மலிவான மரம். அறிஞர் ஒன்றைச் சொல்ல, படைக்குச் சாமான் சேர்த்தவன் கையில் கிடைத்ததை எடுத்திருக்கிறான். அவன் நமக்கு இனத்தான்.

மாங்குளத்தானின் சீடரையும் தேடினேன். சீடர் என்றால் தேவதாரு, ஆனால் அது உண்மையில் தேவதாரு இனமே இல்லை. ஓரிகன் மாநிலத்தின் தென்மேற்கிலும் கலிபோர்னியாவின் வடமேற்கிலும் கடலோரம் ஒரு சின்னப் பட்டியில் மட்டும் வளர்கிறது. வெட்டினால் இஞ்சி மணம் என்கிறார்கள். 1950களிலிருந்து வேரழுகல் நோய் அதைத் தின்கிறது, விலை கடிப்பதில் அதற்கும் பங்கு இருக்கும். நார் நேர், எடை குறைவு, விறைப்புக்குக் குறையில்லை. புகழ் சும்மா வரவில்லை.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 யூன் 25

இப்போது வினாங்கு.

இதை எனக்குச் சொன்னது புத்தகம் இல்லை, மாடு மேய்க்கும் ஐயா ஒருவர். என் அம்பைப் பார்த்துவிட்டு, "வினாங்குத் தடி வெட்டாமல் ஏன் ராசா பலகையைச் சீவுறாய்" என்றார். பிறகு தேடினால், இலங்கை வேடர்களைப் பற்றி 1911இல் எழுதிய செலிக்மன் தம்பதியரும் அதே மரத்தைத்தான் அம்புத் தண்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சிங்களத்தில் வெலங். ஏறக்குறைய ஆறடி வில், மயிலிறகு கட்டிய அம்பு. நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

பலகைக்கும் தடிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முளைத்து நேராக எழுந்த தடியில் நார் அடியிலிருந்து நுனிவரை தானாகத் தொடரும், மிசின் குறுக்கே வெட்டவில்லை. சிராய் குத்துகிற பயம் பெருமளவு போய்விடும். குறை, எந்தத் தடியும் இன்னொன்றைப் போல் இராது.

காட்டுக்குள் போய் வெட்ட வேண்டாம், வனத் திணைக்களத்தோடு பிரச்சினை. எங்கள் வளவின் பின்வேலிக்குள் வெட்டிவிட்ட அடிக்கட்டையிலிருந்து நிறையத் தளிர்த்தடிகள் எழுந்திருந்தன. மாசியில் இருபத்தாறு வெட்டினேன் (ஆமாம், முதிரையைப் புகழ்ந்து எழுதும்போதே இதுவும் பரணில் காய்ந்துகொண்டிருந்தது, நம்பிக்கையில்லாமல் எழுதவில்லை). சின்னவிரலைவிடக் கொஞ்சம் தடிப்பு. பட்டையோடு கட்டாகக் கட்டி நிழலில் வைத்தேன். பொறுக்காமல் மூன்றுக்கு மட்டும் அன்றே பட்டை உரித்தேன், மூன்றும் வெடித்தன. மற்றவை நான்கு மாதம் கிடந்தன.

நேற்றுப் பட்டை சீவினேன். வாழைப்பழம் மாதிரி வளைந்தவையும் இருந்தன. தணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தடியை உருட்டி உருட்டிச் சூடாக்கி, கை பொறுக்கும் சூட்டில் வளைவுக்கு எதிராக வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடிக்க வேண்டும். உடனே விட்டால் பழைய புத்திக்குத் திரும்பிவிடும். கணு இருக்கும் இடம் கடைசிவரை சண்டை பிடிக்கும். தடித்த முனை முன்னுக்கு, மெல்லிய முனை நாணுக்கு.

இருபத்தாறில் ஒன்பது தேறியது. தாழ்வு 13.5 முதல் 15 மில்லிமீற்றர், அதாவது 44 முதல் 49 இறாத்தல். முனையும் இறகும் சேர்ந்து 36, 37 கிராம். வில்லை எடுத்தேன், கழுத்தைப் பார்க்காமல் வயிற்றையே பார்த்தேன். வயிற்றில் பட்டது.

மாங்குளத்தான், 2023 யூலை 30

வந்தேன், பார்த்தேன், எய்தேன். அண்ணையின் வினாங்கு என் வில்லுக்குக் கொஞ்சம் துவள்வு, வலப்பக்கம் போகிறது. ஆனால் பலகையும் ஆணியும் போத்தலும் படம் எடுத்துவிட்டேன். அப்பா முதிரை அம்பைக் கையில் வாங்கிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 ஓகஸ்ட் 20

கோயில் வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி கையில் வைக்கும் அம்பு பழுதாகிவிட்டதாம், புதிதாகச் செய்து தரமுடியுமா என்று கேட்டார்கள். 57 கிராம் முதிரையை எடுத்து மினுக்கிக் கொடுத்தேன். சுவாமிக்கு எடை பிரச்சினையில்லை. இடப்பக்கம் போனாலும் யாரும் அளக்கப் போவதில்லை.

ஒட்டுசுட்டான் வில்லன், 2023 டிசம்பர் 17

மாரி. யூனில் 14 மில்லிமீற்றர் தாழ்ந்த தண்டு இப்போது 15.5 தாழ்கிறது. ஈரம் குடித்திருக்கிறது. பட்டை சீவியதோடு எண்ணெய் மட்டும் பூசியிருந்தேன், அது போதாது. வார்னிஷ் இரண்டு பூச்சு, நாண் வெட்டுக்குள்ளும் முனைக்குள்ளும் சேர்த்துப் பூச வேண்டும். தண்ணீர் அந்த வாசல்களால்தான் ஏறுகிறது.

யூனில் எழுதிய எண்கள் கோடையில் அளந்தவை என்று திருத்தி வாசியுங்கள். அம்புகளை இப்போது அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருக்கிறேன். ஈரம் போகிறது. கருவாட்டு மணம் ஏறுகிறது. மாங்குளத்தானுக்கு அந்த மணம் உதவாது, மான் மூக்கு பொல்லாதது.

மாங்குளத்தான், 2024 ஜனவரி 7

சீடர் வாங்கவில்லை அண்ணை. மரக்கடையில் டக்ளஸ் ஃபேர் (fir) என்ற மரத்து உருட்டுத்தடிப் பெட்டிக்கு முன்னால் குந்தி, அறுபதைப் புரட்டிப் பார்த்துப் பதினொன்று எடுத்தேன். கடைக்காரன் ஏதும் துலைத்துவிட்டாயா என்று கேட்டான். ஆணிப் பலகையில் பதினொன்றில் எட்டு நின்றது. இந்த முறை மான் தென்படவில்லை. எட்டும் பத்திரம்.

ஒட்டுசுட்டான் வில்லன், 2024 ஜனவரி 8

அறுபதில் எட்டு. என் இருபத்தாறில் ஒன்பதை இனிக் குறை சொல்லமாட்டேன்.

ஒட்டுசுட்டான் வில்லன், 2024 பெப்ரவரி 25

பன்னிரண்டு முதிரையில் ஒன்று போன வருடம் உரப்பையைத் தாண்டிப் போய்க் காணாமல் போயிருந்தது. இன்று கண்டேன். பக்கத்து வளவு அம்மா பயற்றங்கொடிக்குத் தடியாக நட்டிருக்கிறார். ஒரு மாரி முழுக்க மண்ணில் நின்றிருக்கிறது. வளையவில்லை, கறையான் தொடவில்லை, கொடி நுனிவரை ஏறிக் காய்த்திருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை. ஒரு பிடி பயற்றங்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.